வெளிச்சம் புகாத பொட்டி

போன மாசம் ஒரு பொட்டி வாங்க வண்ணாரப்பேட்டை போனேன்.

ஃப்ளைட்டுல கையோட எடுத்துக்கினு போற சின்ன பொட்டி. அவ்ளோதான் வேலை. போனமா, வாங்குனமா, வர வழியில ஒரு டீ குடிச்சமான்னு முடிஞ்சிருக்கணும்.

முடியல.

மொதல்ல எதுக்கு பொட்டின்னு சொல்லிடறேன். என் தங்கச்சி மேனகா கல்யாணமாகி பூனாவுல கீறா. அவ பொண்ணு யாழினிக்கு காது குத்து. நான் தாய்மாமன். என் மடியில ஒக்கார வெச்சுதான் குத்தணும். தோடும் நான்தான் எடுத்துக்கினு போவணும்.

இதுல எனக்கு ஏற்கெனவே கெட்ட பேரு. கொழந்தைக்கு மொட்ட அடிச்சப்போ லீவு கெடைக்கல, நான் போவல. என் போட்டோவ ஒரு நாற்காலியில வெச்சி பக்கத்துல ஒக்காந்து மொட்ட அடிச்சாங்க. உயிரோட கீற மனுசன் போட்டோவ!

அதனால மேனகா போன்லயே சொல்லிட்டா: "அண்ணே, இந்த வாட்டியும் நீ வரலன்னு வெய்யி, என் மாமியா அந்த போட்டோவுக்கு மாலை போட்ரும்."

சிரிச்சிக்கினேதான் சொன்னா. ஆனா குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. "அவளுக்கு அண்ணன்னு ஒருத்தன் நெசமாவே கீறானா"ன்னு அந்த வூட்ல கேக்கறாங்களாம். எனக்கு சுருக்குன்னு ஆயிருச்சு. என்ன ஆனாலும் போயே தீரணும்னு முடிவு பண்ணேன்.

என் பொஞ்சாதி தனம், இருக்கறதுலயே கம்மியான டிக்கெட்டா பாத்து போட்டா. சாயந்திரம் ஃப்ளைட்டு, மறுநாள் காலைல காது குத்து. அத வுட்டா வேற ஃப்ளைட்டு கெடையாது. கையில ஒரு பொட்டி, ஏழு கிலோ. அதுக்கு மேல ஒரு கைக்குட்டை கூட எடுத்துக்கினு போவக்கூடாது.

இப்ப என் பொழப்ப சொல்லணும். அங்கதான் வெனையே.

நான் திருவொத்தியூர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டுல கேட்டாண்ட செக்கர். லாரில வர கன்டெய்னருல ஓட்ட ஒடசல் கீதா, கதவுல போட்ட சீல் சரியா கீதான்னு பாத்து உள்ள வுடணும். அதாவது, நாள் பூரா பொட்டிய தட்டிப் பாக்கறவன். அப்படிப்பட்டவன் தனக்குன்னு ஒரு பொட்டி வாங்க போனா எவ்ளோ உதாரு வுடுவான்? அவ்ளோவும் வுட்டேன்.

தொணைக்கு என் தோஸ்து அன்வர் வந்தான். அதே யார்டுல ஃபோர்க்லிஃப்ட் ஓட்டறவன்.

"மாமு, கையில வெச்சிக்கினு போற பொட்டிக்கு எதுக்கு ஸ்ட்ராங்கு? ஒரு துணிப்பை போதாதா?"ன்னான்.

"டேய், எடம் இல்லன்னு கடைசி நிமிசத்துல புடுங்கி கீழ போட்ருவானுங்களாம். கீழ எப்படி போடுவானுங்கன்னு நமக்கு தெரியாதா?"

அன்வர் தலைய சொறிஞ்சிக்கினான். 'ஒடையும் பொருள், பத்திரம்'னு எழுதி வர பொட்டிய நாங்க எப்படி எறக்குவோம்னு அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். இங்க எழுத வோணாம்.

கடைக்கு போனோம். கடைக்கார பாய் நல்ல மனுசன். சிரிச்ச மொகமா ஒரு பளபள பொட்டிய எடுத்து வெச்சாரு. கட்ட வெரலால மூடிய அமுக்குனாரு. உள்ள போயிட்டு 'டொப்பு'ன்னு வெளிய வந்துச்சு.

"பாத்தியா? ஒடையவே ஒடையாது. அமுங்கி எழுந்துக்கும்."

"அமுக்குனா உள்ள போற பொட்டிக்கு எதுக்கு பாய் துட்டு குடுக்கணும்? எங்க யார்டுல இத்த டேமேஜின்னு எழுதி ஓரமா தள்ளிடுவோம்."

பாய் மொகத்துல சிரிப்பு கொஞ்சம் கொறஞ்சிச்சு. வேற ஒண்ணு எடுத்தாரு. நான் நாலு மூலையிலயும் மடக்குன வெரலால தட்டி, காத வெச்சி கேட்டேன்.

"இது மேல எத்தினி பொட்டி அடுக்கலாம்?"

"இன்னாது?"

"மேல மேல அடுக்குனா எத்தினி தாங்கும்னு கேட்டேன்."

பாய் என்னைய வுட்டுட்டு அன்வர பாத்தாரு. "இவுரு ஃப்ளைட்டுல போறாரா, இல்ல கப்பல்ல ஏறப் போறாரா?"

"நீங்க காட்டுங்க பாய். எனக்கும் வூட்டுக்கு போவணும்"னான் அன்வர்.

ஒரு பத்து பொட்டி தட்டியிருப்பேன். எதுவும் புடிக்கல. அப்போ மேல பரண்ல, தூசி படிஞ்சி, பச்சையா ஒண்ணு தெரிஞ்சிச்சு. கெட்டித் துணி. மூலைக்கு மூலை இரும்பு. உள்ள சட்டமும் இரும்பு.

"அத்த எறக்கு பாய்!"

"அது வோணாம் நைனா. பழைய மாடலு. வெய்ட்டு ஜாஸ்தின்னு எவனும் தொட மாட்றான்."

எவனும் தொடலன்னா எனக்கோசரம்தான் காத்துக்கினு இருந்திருக்கு! எறக்குனாங்க. தட்டுனேன். 'தங்'குன்னு கேட்டுச்சு. அப்டியே எங்க யார்டு சத்தம். மனசு குளுந்து போச்சு.

அதோட நிறுத்தியிருக்கணும்.

காலி கன்டெய்னருல ஓட்ட கீதான்னு நாங்க எப்படி பாப்போம்னா, ஒரு ஆளு உள்ள போயி நின்னுக்குவான். வெளிய கதவ சாத்திருவோம். உள்ள கும்மிருட்டா இருந்தா நல்ல பொட்டி. எங்கனா புள்ளி வெளிச்சம் தெரிஞ்சா, அங்க ஓட்டை. இந்த வேலைல மொதல்ல கத்துக்குடுக்கறதே இத்ததான். பழக்கம் போவுமா?

கடை நடுவுல முட்டி போட்டு, பொட்டிய தொறந்து, தலைய உள்ள வுட்டேன்.

"அன்வரு, ஜிப்ப சாத்து!"

"மாமு, மெய்யாலுமேவா?"

"சாத்துடா!"

அவன் ரெண்டு பக்க ஜிப்பையும் என் கழுத்து வரைக்கும் கொண்டாந்து நிறுத்துனான். உள்ள ஒரே ரப்பர் நாத்தம். ஆனா ஒரு பொட்டு வெளிச்சம் இல்ல!

"சூப்பர்டா! கும்மிருட்டு! இந்தப் பொட்டிதான்!"ன்னு உள்ளருந்தே கத்துனேன்.

பதிலு இல்ல. அவனுக்கு போன் வந்து வெளிய போயிட்டானாம். நான் முட்டி போட்டுக்கினு, தலைக்கு பதிலா பொட்டியோட, கடை நடுவுல கீறேன். பக்கத்துல ஒரு பொம்பள கொரலு கேட்டுச்சு.

"பாய், இந்தாளுக்கு இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் இல்லம்மா. பொட்டி வாங்கறாரு."

"அய்ய, அப்ப நாங்க அப்புறமா வரோம்."

பாயே வந்து ஜிப்ப தொறந்தாரு. பாதில பின்னந்தலை முடி மாட்டிக்கினு, ஒரு கொத்து முடி ஜிப்போடயே போயிருச்சு. பாய் அத்த ஒவ்வொண்ணா எடுத்துக்கினே சொன்னாரு.

"பொட்டி நல்ல பொட்டிதான் நைனா, நான் இல்லன்னு சொல்லல. ஆனா ஜிப்பு சுமாரு. எந்தப் பொட்டிலயும் மொதல்ல காலை வாரறது ஜிப்புதான். அத்த பாத்து வாங்கு."

"ஜிப்பு இன்னா பாய் ஜிப்பு? பாடிய பாரு, பாடிய!"

வாங்கிட்டேன். பரண் காலியாச்சேன்னு பாய் வெல கொறச்சி குடுத்தாரு. என்னைய சீக்கிரம் அனுப்பணும்னுதான் கொறச்சாருன்னு அன்வர் சொல்றான். அது அவன் பொறாமை.

கல்மண்டபத்துல கீற எங்க வூட்ல பொட்டிய கொண்டாந்து வெச்சேன். தனம் ஒரு கையால தூக்கிப் பாத்தா. அப்புறம் ரெண்டு கையால தூக்கிப் பாத்தா. நேரா கீழ எடுத்துக்கினு போயி, எதுர்ல மீன் விக்கற அக்கா தராசுல வெச்சிட்டு வந்தா.

"காலி பொட்டியே நாலரை கிலோ கீது. மிச்சம் ரெண்டரை. அதுல பட்டுப் பாவாட, வெள்ளித்தட்டு, தோடு, உன் துணி. எது வோணாம்னு சொல்லு."

ரொம்ப நேரம் யோசிச்சேன். "என் துணி வோணாம்"னேன்.

அதனாலதான் ஃப்ளைட்டு அன்னிக்கு மூணு சட்டைய ஒண்ணு மேல ஒண்ணா மாட்டிக்கினு கெளம்புனேன். பேன்ட்டுக்குள்ள வேட்டி வேற. ஏர்போர்ட்டுல எனக்கு ஊத்துன வேர்வைக்கு அதுவும் ஒரு காரணம்.

"தோட்ட மட்டும் சட்டப் பாக்கெட்டுல வெச்சிக்க"ன்னா தனம்.

"பாக்கெட்டுக்கு இன்னா சேஃப்டி கீது? பொட்டிக்கு நான் சீல் போடப் போறேன்!"

யார்டுல நம்பர் சரியா விழலன்னு ஒதுக்கி வெச்ச கேபிள் சீல் ஒண்ணு கேட்டு வாங்கியாந்திருந்தேன். முறுக்குன இரும்பு கம்பி. ஒரு பக்கம் சொருகி இழுத்தா பூட்டிக்கும். அப்புறம் பின்னால வராது. பெரிய கட்டர் போட்டு வெட்டுனாதான் வுடும். பொட்டில ரெண்டு ஜிப்பு தலையையும் ஒண்ணா சேத்து, ஓட்டையில கம்பிய வுட்டு ஒரு இழு இழுத்தேன்.

'டக்கு.'

தனம் அந்த சீலையே பாத்துக்கினு இருந்தா. "சரி, அங்க போயி எப்படி தொறப்ப?"

இந்தக் கேள்வி எனக்கு வரவே இல்லீங்க. சீல் போடறது, செக் பண்றதுதான் நம்ம வேலை. தொறக்கறது வேற டிபார்ட்மென்டு.

"மாப்ளயாண்ட கட்டர் இருக்கும்"னேன்.

"அவுரு கம்ப்யூட்டர்ல வேல பாக்கறாரு."

"கம்ப்யூட்டர்ல கேபிளு இல்லியா? கேபிளு இருந்தா கட்டர் இருக்கும்."

தனம் உள்ள வேலைய பாக்க போயிட்டா. பத்து வருசமா என்னோட குடும்பம் நடத்தறவ, எங்க நிறுத்தணும்னு தெரியும்.

ஏர்போர்ட்டு. பொட்டிய உருட்டிக்கினு உள்ள போறேன். சீலு லைட்டுல மின்னுது. எல்லாரும் என் பொட்டியவே பாக்கறானுங்கன்னு பெருமை வேற. செக்கிங்ல பொட்டி மெசினுக்குள்ள போச்சு. மத்தவங்க பொட்டியெல்லாம் இந்தப் பக்கம் வருது. என்னுது மட்டும் தனியா ஒரு ஓரமா திரும்பிப் போச்சு.

"கிஸ்கா பேக் ஹை?"ன்னு, யாரு பொட்டின்னு கேட்டாரு ஒரு ஆபீசரு. நல்லா மீசை வெச்ச ஆளு.

எனக்கு ஹிந்தி தெரியும். லாரி டிரைவருங்க கிட்ட கத்துக்கினது. அதுல பொது எடத்துல பேசக்கூடியது மூணே வார்த்தைதான். ஆகே, பீச்சே, ரோக்கோ. முன்னால, பின்னால, நிறுத்து. மூணும் அங்க ஒதவல. கைய தூக்குனேன்.

அவரு கம்ப்யூட்டர காட்டுனாரு. என் பொட்டிக்குள்ள உருண்டையா ஒண்ணு. உள்ள தண்ணி மாரி தெரியுது. அய்யோ, இது இன்னாது? நான் வெக்கவே இல்லியே! எனக்கு அள்ளு வுட்ருச்சு. தனத்துக்கு போன் போட்டேன்.

"ஏய், பொட்டில இன்னா வெச்ச?"

"தேங்கா."

"தேங்காயா!"

"தாய்மாமன் தட்டுல தேங்கா இல்லாமயா போவ? நீ கேட்டா வெய்ட்டுன்னு சொல்லுவ. அதான் பாவாடைக்குள்ள சுத்தி வெச்சேன்."

ஆபீசருக்கு கொஞ்சம் தமிழ் தெரிஞ்சிருக்கு. "கோகனட் கையில நை. ஓபன் பண்ணு. எடுத்து வெளிய வெய்யி. போ."

"சார், ஓபன் ஆவாது சார்."

"ஏன் ஆவாது?"

இங்கதான் நான் ஜகா வாங்கியிருக்கணும். சாரி சார், தப்பு ஆயிருச்சுன்னு சொல்லியிருக்கணும். ஆனா சீலப் பத்தி எவனாவது கேட்டா என் வாயி தன்னால தொறந்துக்கும்.

"சார், இது ஹை செக்யூரிட்டி சீலு! கப்பல்ல போற கன்டெய்னருக்கு போடறது! கைல ஆவாது, கத்தில ஆவாது, கட்டர் வோணும்! இந்த சீலு ஒடையலன்னா உள்ள கீற பொருள ஒருத்தனும் தொடலன்னு அர்த்தம்! நான் கேரண்டி!"

பாதுகாப்பு ஆபீசர் கிட்டயே பாதுகாப்பு பத்தி பாடம் எடுத்துக்கினு கீறேன். பின்னால லைன்ல நின்னவங்க ஒவ்வொருத்தரா வேற லைனுக்கு போறாங்க.

அப்போ மைக்குல என் பேர கூப்ட்டாங்க. "கஜபதி, பூனா செல்லும் பயணி கஜபதி." பொறந்ததுலருந்து என் பேரு மைக்குல வந்ததே இல்ல. வந்த நேரத்த பாருங்க!

அன்வருக்கு போன் போட்டேன். "டேய், கட்டர் எடுத்துக்கினு ஜல்தியா ஏர்போர்ட்டு வா!"

"எங்கருந்து? திருவொத்தியூர்லருந்தா? மாமு, எக்ஸ்பிரஸ் ரோட்ல லாரி வரிசை கட்டி நிக்கிது. நான் வரதுக்குள்ள நீ நடந்தே பூனா போயிருவ."

"ஜோக்கடிக்கிற நேரமாடா இது!"

"நீ தலைய வுட்டியே, அப்பவே சொன்னேன்"னான். ஒண்ணும் சொல்லல அவன். இப்ப சொல்றான்.

ஆபீசரு வாட்ச்ச பாத்தாரு. "பேக் இங்க வுடு. நீ போ. இல்ல, பேக்கோட திரும்பிப் போ."

பொட்டிய வுட்டுட்டு போனா, தோடு இல்லாத தாய்மாமன். பொட்டியோட திரும்புனா, மறுபடியும் நாற்காலியில போட்டோ. மேனகா அந்த வூட்ல எல்லார் முன்னாடியும் தனியா நிக்கிற மாதிரி கண்ணுக்குள்ள வந்துச்சு. தனம் சொன்ன மாதிரி தோட்ட பாக்கெட்டுல வெச்சிருந்தா ஓடிப் போயி ஏறியிருப்பேன். மூணு சட்டை போட்டுக்கினு கீறேன், மூணு பாக்கெட்டு. மூணும் காலி.

மீதி இருந்த ஹிந்திய எல்லாம் தொடச்சி எடுத்து பேசுனேன். என் காத இழுத்து காட்டுனேன். என் மடிய தட்டிக் காட்டுனேன். பொட்டிய காட்டுனேன்.

"சார்... பாப்பா... காது... நான் மாமா சார். மாமா!"

ஆபீசரு என்னைய மேலயும் கீழயும் பாத்தாரு. "மாமா ஹோ?"

"மாமா சார்!"

அந்த மீசை லேசா அசைஞ்சிச்சு. "மைம் பீ மாமா ஹூம்"னாரு. அவரும் யாருக்கோ தாய்மாமன் போல.

அப்புறம் சட்டப் பாக்கெட்டுலருந்து ஒரு பேனாவ எடுத்தாரு. சாதா பால் பாயிண்டு பேனா. ஏதோ எழுதி கையெழுத்து வாங்கப் போறாருன்னு நெனச்சேன்.

பேனா முனைய ஜிப்போட பல்லு நடுவுல வெச்சி ஒரு குத்து. அப்டியே ஒரு இழு.

'சர்ர்ர்.'

பொட்டி தொறந்துக்கிச்சு! பப்பாளிய கீறுன மாதிரி! சீலு அப்டியே கீது. ஒரு கீறல் இல்ல. ஜிப்பு தலைங்க ரெண்டும் என் கம்பியில கட்டிப் புடிச்சிக்கினு ஓரமா தொங்குது. பொட்டி மட்டும் ஆன்னு வாய தொறந்துக்கினு கீது.

பாவாடைய பிரிச்சி, தேங்காவ எடுத்து ஓரமா வெச்சாரு. அப்புறம் அந்த ரெண்டு ஜிப்பு தலையையும் சீலோட சேத்து புடிச்சி, பொட்டிய சுத்தி ஒரு ரவுண்டு ஓட்டுனாரு. பொட்டி மூடிக்கிச்சு. பழையபடி, ஒண்ணுமே நடக்காத மாதிரி. பேனாவ பாக்கெட்டுல சொருகிக்கினாரு.

என் சீல வெரலால ஒரு தட்டு தட்டுனாரு. "அச்சா சீல் ஹை. ஜாவ், மாமா."

ஓடுனேன். மூணு சட்டையோட, வேட்டி மேல பேன்ட்டோட, பொட்டிய தூக்கிக்கினு ஓடுனேன். கதவு சாத்தறதுக்கு முன்னாடி போயி வுழுந்தேன்.

மறுநாள் காலைல யாழினி என் மடியில. காதுல ஊசி போனதும் ஊரே கேக்கற மாதிரி கத்துனா. கத்திக்கினே என் மீசைய புடிச்சி இழுத்தா. அவளுக்கு வலிச்சத வுட எனக்கு ரொம்ப வலிச்சிது. ஆனா சொன்னா நம்புங்க, வாழ்க்கைல அவ்ளோ சந்தோசமா நான் இருந்ததே இல்ல. மேனகா அந்தப் பக்கம் திரும்பி முந்தானையில கண்ண தொடச்சிக்கினா. அவ மாமியாவே வந்து "காபி குடிங்க தம்பி"ன்னு சொல்லி, டம்ளர கையில குடுத்துச்சு. போட்டோவ எங்கியோ உள்ள எடுத்து வெச்சிட்டாங்க.

அப்புறமா மேனகா பொட்டிய பாத்துட்டு கேட்டா: "அண்ணே, சீலு அப்டியே கீதே. உள்ளருந்து தோட்ட எப்படி எடுத்த?"

ராத்திரி பேனா குடுத்த மாப்ளகிட்ட கேளுன்னேன். அந்தப் பொட்டியவும் அங்கியே வுட்டுட்டு ஒரு துணிப்பையோட திரும்பி வந்துட்டேன்.

திங்கக்கெழமை டூட்டி. மொத லாரி வந்து நின்னுச்சு. டிரைவர் எறங்கி, "சீல் சரியா கீது சார், வுடுங்க"ன்னான். இத்தினி வருசமா அந்த ஒரு வார்த்தைக்கு நானும் தலையாட்டி 'சீல் ஓகே'ன்னு எழுதி வுட்டவன்தான்.

இப்பல்லாம் சீல பாக்கறதுக்கு முன்னாடி, டிரைவர் சட்டப் பாக்கெட்டுல பேனா கீதான்னு பாக்கறேன்.